பூட்டிய கடையின் விதை அலமாரி

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு ஏறும் சாலையில் ஒரு கடை இருந்தது. வீட்டுச் சாமான், தோட்டச் சாமான் இரண்டும் விற்கிற கடை. வடகிழக்கு மழை தொடங்கும் நேரத்தில் அதை மூடிவிட்டார்கள். நடத்தி வந்த அக்காவுக்கு வயதாகிவிட்டது, முட்டி வலியோடு தினம் படியேற முடியவில்லை, மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். மிச்சமிருந்த சாமான்களை ஆளாளுக்கு வாங்கிக்கொண்டோம். எனக்கு வந்தது விதை அலமாரி, கொசுறாக ஒரு ஓட்டைப் பூவாளி. இரண்டையும் சரிசெய்த வேலையைத்தான் எழுத வந்தேன். ஆனால் அலமாரியில் கை வைத்த இடத்திலெல்லாம் கடையும் கூடவே வந்து நின்றது. அதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

அலமாரி ஆள் நெஞ்சு உயரம். குறுக்கே மூன்று, மேலிருந்து கீழே எட்டு என 24 இழுப்பறைகள். வெளிச்சட்டம் தேக்கு, இழுப்பறைகள் சில்வர் ஓக். தேயிலைக்கு நிழலுக்காக நட்ட மரம் என்பதால் இந்தப் பக்கம் சில்வர் ஓக் பலகைக்குப் பஞ்சமில்லை. நேராக அறுத்த பலகையில் மீன் செதில் மாதிரி ஒரு மினுக்கம் தெரியும். இந்த அலமாரியில் அதெல்லாம் பச்சை பெயின்ட்டுக்குள் போயிருந்தது. ஒவ்வொரு இழுப்பறையின் முகத்திலும் பெயர்ச் சீட்டு செருக ஒரு சின்னப் பித்தளைச் சட்டம், அதற்குக் கீழே குமிழ். கீழ் வரிசையில் இரண்டு குமிழ்கள் இல்லை. பாதி இழுப்பறைகள் இழுத்தால் வரவில்லை. மூன்று இழுப்பறைகளில் அடிப்பலகை தொங்கிக் கொண்டிருந்தது.

அந்தக் கடை அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். என்ன அழகு என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. சாமான் அதிகம் கிடையாது. மண் தொட்டி மூன்றே அளவில். எனாமல் குவளை வெள்ளையும் நீலமும் மட்டும். சணல் நூல் உருண்டை, கவாத்துக் கத்தி, களைக்கொத்து, தேன்மெழுகு மெழுகுவத்தி, தோடர் பெண்கள் சிவப்பும் கறுப்புமாகப் பின்னிய துணி. அந்தப் பின்னல் வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைப்பதற்கு ரொம்ப முன்பிருந்தே அவர் கடையில் அது உண்டு. பிளாஸ்டிக் தொட்டி கிடையாது. குல்லா போட்ட குள்ளர் பொம்மை கிடையாது. பேட்டரியில் தண்ணீர் துப்பும் தவளையும் கிடையாது. எந்தப் பொருளையும் முதலில் தன் வீட்டில் வைத்து, ஒரு மழைக்காலமாவது புழங்கிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குக் கொண்டுவருவார். துருப்பிடித்தால், நிறம் போனால், கைப்பிடி ஆடினால் அது வராது. இடைவெளி விட்டு அடுக்கியிருப்பார். ஒரு குவளையை எடுத்துப் பார்க்க இன்னொன்றை நகர்த்த வேண்டியிருக்காது.

விற்க மாட்டேன் என்றும் சொல்வார். நான் ஒருமுறை ஃப்யூஷியா கேட்டபோது, “உங்க வராந்தா மேற்கப் பாத்துதானே இருக்கு தம்பி? சாயங்கால வெயில் நேரா அடிக்கும், இது தாங்காது. ஜெரேனியம் எடுத்துக்குங்க” என்றார். ஜெரேனியம் விலை பாதிதான். அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

கடையில் வைக்கவே கூடாது என்று அவர் ஒதுக்கிய செடிகளும் உண்டு. வெளியூர்ச் செடி இந்த மலைக்குப் புதிதல்ல. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்க 1848-ல் மெக்ஐவர் வந்த காலத்திலிருந்தும், 1874-ல் சிம்ஸ் பூங்கா தொடங்கியதிலிருந்தும் கப்பல் கப்பலாகச் செடிகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை தொட்டிக்குள்ளும் பாத்திக்குள்ளும் ஒழுங்காக இருந்துகொண்டன. மஞ்சளாகப் பூக்கும் ஸ்காட்ச் புரூம், முள்ளுள்ள கோர்ஸ், ஆரஞ்சு நிறச் செஸ்ட்ரம், நம் உண்ணிச்செடி இவையெல்லாம் வேலி தாண்டிச் சோலைக்காட்டு ஓரத்தையும் புல்வெளியையும் பிடித்துக்கொண்டன. பூ அழகுதான். அக்கா கடையில் அதற்கு இடமில்லை. உண்ணிச்செடி அவர் கடைக்குள் வந்தது ஒரே ஒரு உருவில்: அதன் குச்சியை வேகவைத்து வளைத்துச் செய்த முக்காலி.

சரி, வேலைக்கு வருவோம்.

இழுப்பறைகளை வெளியே எடுக்கும் முன் எண் போட வேண்டும். கைவேலையில் செய்த அலமாரியில் ஒவ்வொரு இழுப்பறையும் அதனதன் பொந்துக்குத்தான் பொருந்தும்; பார்க்க எல்லாம் ஒரே அளவாகத் தெரியும், மாற்றிப் போட்டால் பாதியில் நின்றுவிடும். சாக்பீஸோடு உட்கார்ந்து முதல் இழுப்பறையைத் திருப்பினேன். செய்த ஆசாரி அந்த வேலையை முன்பே முடித்திருந்தார். பின்பலகையில் உளியால் வெட்டிய கோடுகள். பொந்தின் உள்பக்கமும் அதே கோடுகள். சாக்பீஸைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அடுத்தது பூச்சி. சில பலகைகளில் ஊசி குத்தியது போலத் துளைகள் இருந்தன. துளை இருப்பதால் மட்டும் பூச்சி இருக்கிறது என்று சொல்ல முடியாது. அது வெளியேறிப் போன வழியாகவும் இருக்கலாம். இழுப்பறைகளைக் கறுப்புத் துணிமேல் வைத்துச் சில நாள் தொடாமல் விட்டால் தெரிந்துவிடும். புது மாவு கொட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இரண்டு இழுப்பறைகளில் கொட்டியிருந்தது. வெங்காரத்தையும் போரிக் அமிலத்தையும் வெந்நீரில் கரைத்து, பெயின்ட் படாத வெறும் மரத்தில் தூரிகையால் இரண்டு முறை நன்றாக ஊற விட்டேன். இந்தக் கரைசல் வெறும் மரத்தில்தான் இறங்கும், பெயின்ட் மேலேயோ வார்னிஷ் மேலேயோ பூசினால் வீண். மழையில் நனையும் சாமானுக்கும் ஆகாது, கழுவிக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்குப் போதும்.

பெயின்ட் எடுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பழைய பெயின்ட் எதுவாக இருந்தாலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்வது நல்லது. உப்புத்தாளை வைத்து வறட்டுத் தேய்ப்புத் தேய்க்கக் கூடாது, அந்தத் தூள்தான் ஆபத்து. சூட்டுத் துப்பாக்கியும் வேண்டாம். பெயின்ட் ரிமூவர் தடவி, அது பொங்கி வந்ததும் ஈரத்தோடு சுரண்டி, சுரண்டியதைச் செய்தித்தாளில் சுருட்டிக் கட்டி வைத்தேன். முகமூடி போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்தேன். குழந்தைகளை அந்த அறைப் பக்கமே விடவில்லை.

பெயின்ட்டை முழுவதும் எடுக்கவில்லை. இரண்டு பக்கவாட்டிலும் பச்சை அப்படியே இருக்கிறது. அது அக்கா பூசியது, கடையின் ஜன்னல் கட்டையும் அதே பச்சைதான். பழைய மரச்சாமான் என்றாலே எல்லாவற்றையும் சுரண்டி மரத்தைக் காட்டினால்தான் மதிப்பு என்று ஒரு கூட்டம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பூசியவர் காரணமில்லாமல் பூசியிருக்க மாட்டார். முகப்பில் மட்டும் பெயின்ட் சீட்டுச் சட்டங்களை அடைத்துக்கொண்டு, இழுப்பறை விளிம்பில் தடிப்பாக ஏறி, இழுக்க விடாமல் செய்தது. அதை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

முகப்பின் மேல் குறுக்குச் சட்டத்தைச் சுரண்டும்போது கத்தி எதிலோ தட்டித் தட்டிப் போனது. பல் துலக்கும் தூரிகையால் அந்த இடத்தைத் துடைத்தேன். உளியால் கீறிய எழுத்துகள். இடது வரிசைக்கு மேலே ‘நீர்’, நடு வரிசைக்கு மேலே ‘கார்’, வலது வரிசைக்கு மேலே ‘கடை’.

உருளைக்கிழங்கு போடுகிற நீலகிரிக்காரர் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நீர்போகம் தை, மாசியில். மழை இருக்காது, தண்ணீர் பாய்ச்சி வளர்ப்பது. கார்போகம் சித்திரை, வைகாசியில். தென்மேற்கு மழையை நம்பி. கடைபோகம் ஆவணி, புரட்டாசியில்; வடகிழக்கு மழைக்கு முன்பாக. கிழங்கை இழுப்பறைக்குள் போட்டு வைக்க முடியாது, மூட்டையில்தான் இருக்கும். ஆனால் கிழங்குக்கு வைத்த கணக்கைத்தான் மற்றக் காய்கறிகளுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா விற்றதோ பூ விதை. அப்படியானால் இந்த அலமாரி அக்காவின் கடைக்காகச் செய்ததே இல்லை.

பிறகு சீட்டுகள். பித்தளைச் சட்டத்துக்குள் செருகியிருந்தவை அக்காவின் கையெழுத்து. நீல மை, சற்றே சாய்ந்த எழுத்து. அதன் பின்னால், மரத்தோடு ஒட்டிய பழைய தாள் ஒன்று இருந்தது. மைதாப் பசை, ராமபாணப் பூச்சி ஓரமெல்லாம் தின்றிருந்தது. அதை எடுக்க அவசரப்படக் கூடாது. ஈரத்துணியைப் பிழிந்து மேலே போட்டு, பசை இளகும்வரை காத்திருந்து, பழைய ஷேவிங் பிளேடை முனையில் நுழைத்தால் தாள் தானாக எழும்பும். எழும்பாத இடத்தில் இழுக்காமல் மறுபடி ஈரத்துணி. இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேல் உலர்த்தினேன்.

நீர் வரிசையில் நான்காவது இழுப்பறை. மேலே அக்காவின் சீட்டு: ‘ஸ்வீட் பீ. போடுவதற்கு முன் ஓர் இரவு ஊற வைக்கவும்.’ கீழே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, ‘சமையலுக்கு அல்ல.’ அது தேவையான எச்சரிக்கைதான், ஸ்வீட் பீ விதை பார்க்கப் பட்டாணி மாதிரி இருக்கும், தின்றால் நஞ்சு. அந்தச் சீட்டின் பின்னால் ஒட்டியிருந்த தாளில், வேறு யாரோ கட்டை எழுத்தில் எழுதியது: ‘பட்டாணி.’

இன்னொன்றில் மேலே ஸ்டாக் என்ற பூ, அடியில் முட்டைக்கோஸ். இரண்டும் கடுகுக் குடும்பம். ஸ்வீட் பீயும் பட்டாணியும் அவரைக் குடும்பம். காய்கறி இருந்த இடத்தில் பூவை வைத்தவர், அதே பருவத்தில் போடுகிற, முடிந்தால் அதே குடும்பத்துப் பூவாகப் பார்த்து வைத்திருக்கிறார். எல்லாம் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தவில்லை. பீட்ரூட் இருந்த இடத்தில் பேன்சி இருந்தது, அதற்கு எனக்குக் காரணம் புரியவில்லை. ஆனால் வரிசை மட்டும் எங்கேயும் மாறவில்லை. நீர் வரிசையில் இருந்த பூ எல்லாம் தை, மாசியில் போட்டால் கோடை சீசனுக்குப் பூப்பவை.

கடைக்குப் போய் ‘ஏதாவது பூ விதை வேண்டும்’ என்று நின்றால் அவர் என்ன பூ என்று கேட்க மாட்டார். கை நேராக ஒரு பக்க இழுப்பறைக்குப் போகும். ஆடியில் போனால் வலது பக்கம், பொங்கல் சமயத்தில் போனால் இடது பக்கம். எத்தனை ஞாபகம் இந்த அம்மாவுக்கு என்று நான் வியந்திருக்கிறேன். அவர் கை போன இடத்தில் எனக்குப் பிடித்த பூ இல்லையென்றால், ‘அதுக்கு இன்னும் நாள் இருக்கு, சித்திரையில வாங்க’ என்பார். பையில் பணம் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் இப்படிச் சொல்கிற கடை வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இனி இழுப்பறைகள். இதில்தான் வேலை அதிகம்.

மரம் ஈரத்தைக் குடித்தால் அகலவாக்கில் வீங்கும். நீளவாக்கில் வீக்கம் கண்ணுக்கே தெரியாது. இழுப்பறையின் பக்கப் பலகை நின்ற வாக்கில் இருப்பதால், வீங்கினால் அதன் உயரம் கூடும், மேலே தட்டும். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைக்கு இழுப்பறை சிக்குவது இயல்பு. உடனே இழைப்புளியை எடுத்துச் சீவத்தான் எனக்குக் கை பரபரத்தது. வெலிங்டனில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் இழைப்புளிக்குச் சாணை பிடிக்கப் போனபோது விஷயத்தைச் சொன்னேன்.

“மழையில சீவிப்புடாதீங்க தம்பி. இப்பச் சீவுனா மாசியில லொடலொடன்னு ஆடும்” என்றார். “எங்க தட்டுதுன்னு கோடு மட்டும் போட்டு வைங்க. காத்து காஞ்சப்புறம் பாத்துக்கலாம்.”

அப்படியே செய்தேன். இழுப்பறை விளிம்பில் சாக்பீஸ் தடவி உள்ளே தள்ளி வெளியே எடுத்தால், தட்டுகிற இடத்தில் சுண்ணாம்பு அழிந்திருக்கும். அங்கே பென்சில் கோடு. மாசி வந்தபோது கோடு போட்ட பலகைகளில் பெரும்பாலானவை தாமாகவே சரியாகியிருந்தன. பிடிவாதமாக நின்ற சிலதை மட்டும், காகிதக் கனத்துக்குச் சுருள் வரும்படி இழைத்தேன். ஓடுகிற அடிக்கட்டையில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் போதும், விரலால் இழுத்தாலே வரும். எண்ணெய் மட்டும் தடவ வேண்டாம். தூசி பிடித்துப் பிசுக்காகிவிடும்.

அடிப்பலகை தொங்கிய மூன்றிலும் கோளாறு ஒன்றேதான். அடிப்பலகையின் ரேகை குறுக்கே, இடமிருந்து வலமாக ஓட வேண்டும். முன்னும் இரு பக்கமும் காடியில், அதாவது பலகையில் வெட்டிய பள்ளத்தில் நுழைந்து, பின்னால் மட்டும் ஒரு திருகாணியில், அதுவும் நீளத்துளையில் நிற்க வேண்டும். அப்போதுதான் வீங்கும்போது பின்பக்கமாக நகர இடம் கிடைக்கும். யாரோ இடையில் பழுது பார்த்தவர் நான்கு பக்கமும் ஆணி அடித்திருந்தார். நகர வழியில்லாத பலகை நடுவில் பிளந்துகொண்டது. ஆணிகளை எடுத்து, பிளவை ஒட்டி, பின்னால் நீளத்துளை போட்டேன்.

ஒட்ட எதைப் பயன்படுத்துவது என்பதில் சின்ன விவாதம். கையில் ஃபெவிகால் டப்பா தயாராக இருந்தது. ஆனால் மூட்டுகளில் இருந்தது பழைய வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. வெந்நீரில் நனைத்த துணியை வைத்தால் இளகிப் பிசுபிசுக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வஜ்ஜிரம் ஊறின மரத்தில் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. சுத்தமாகச் சுரண்டி எடுத்தால்தான் பிடிக்கும், சுரண்டினால் மூட்டு தளர்ந்துவிடும். புது வஜ்ஜிரமோ பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். ஆகவே வஜ்ஜிரக் கட்டியை இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துச் சூடாக்கினேன். சூடு 60 டிகிரியைச் சுற்றி இருந்தால் போதும். கொதிக்க விட்டால் பிடிப்பு போய்விடும். நாற்றம் இருக்கத்தான் செய்யும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குன்னூர்க் குளிரில் இன்னொரு தொல்லை: வஜ்ஜிரம் மூட்டில் தடவி முடிப்பதற்குள் உறைந்துவிடும். மூட்டுப் பலகையை முதலில் அடுப்போரம் வைத்துக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒட்டினால் அவகாசம் கிடைக்கும்.

மெருகுக்கு வருவோம். பெயின்ட் படாத உள்மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்தேன். ஒட்டிக்கொண்டு பழுப்பாக வந்தது. அப்படியென்றால் அடியில் இருப்பது அரக்கு மெருகு. அதே அரக்கைத்தான் மறுபடி கொடுத்தேன்: அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, வடிகட்டி, துணிப் பந்தால் மெலிதாக, அடுக்கடுக்காக. காற்றில் ஈரம் இருக்கும் நாளில் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெள்ளையாகப் பூத்துவிடும். மாசி வரை காத்திருக்க இதுவும் ஒரு காரணம். இழுப்பறையின் உள்பக்கத்தில் எதுவும் பூசவில்லை. ஆளிவிதை எண்ணெய் பூசச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். மூடிய பெட்டிக்குள் அந்த எண்ணெய் வாடை போகவே போகாது, விதைக்கும் ஆகாது.

வெளிச்சட்டத்துக் காலில் மட்டும், தரை ஈரத்துக்காக, ஆளிவிதை எண்ணெய் கொடுத்தேன். துடைத்த துணியை உருட்டி மூலையில் எறியக் கூடாது. எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருண்ட துணியில் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே தேன்மெழுகு. ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு டர்பன்டைன். மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளி எடுத்து வந்து டர்பன்டைனைக் கலக்க வேண்டும். மெழுகுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். காட்டுத் தேன் எடுக்கிற பழங்குடி மக்களோடு கீஸ்டோன் அறக்கட்டளை வேலை செய்கிற கோத்தகிரி பக்கத்திலேயே இருக்கிறது. அக்கா கடையின் மெழுகுவத்திகளும் அந்தப் பக்கத்து மெழுகுதான்.

பித்தளைச் சட்டங்களைப் புளியும் உப்பும் போட்டுக் கழுவினேன். பளபளவென்று ஆக்கவில்லை, அழுக்கு போன மட்டும். குமிழ்கள் இரண்டு புதிதாகக் கடைந்து வந்தன. கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். தெரியட்டும்.

அப்புறம் பூவாளி. அந்த நீண்ட கழுத்தும் மேலே குறுக்கே வளைந்த கைப்பிடியுமாக இருக்கும் வடிவத்துக்கு 1886-ல் ஜான் ஹாஸ் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கினார். மொரீஷியஸில் வேலை பார்த்தபோது வெனிலா வளர்த்தவர். சாதாரண வாளியைத் தூக்கித் தண்ணீர் விட்டுச் சலித்துப்போய் இதை யோசித்திருக்கிறார். அக்கா கடையில் இருந்தது அதைப் பார்த்துக் குன்னூர் பஜாரில் ஒரு தகர வேலைக்காரர் செய்துகொடுத்தது. தண்ணீர் நிறைந்திருந்தாலும் கை முன்னும் பின்னும் நகர்ந்தால் போதும், மணிக்கட்டு வலிக்காது.

கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஒழுகியது. துத்தநாகம் பூசிய தகரம் என்பதால் வெல்டிங் வைக்க முடியாது, பூச்சு எரிந்து புகையும், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. ஈயப் பற்றுதான் வழி. துருவைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு நவச்சாரம் போட்டு, சூடான பற்றுக்கோலால் ஈயத்தை ஓட விட்டேன். சுத்தமில்லாத இடத்தில் ஈயம் உருண்டையாக உருண்டு ஓடிவிடும், ஒட்டாது. பாதி வேலை சுரண்டுவதில்தான். குடிதண்ணீருக்கு இந்தப் பூவாளியை எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. தூவும் தலையின் ஓட்டைகளைக் குண்டூசியால் குத்தித் திறந்தேன். தலை மேல்நோக்கி இருக்கும்படி மாட்டினால் தண்ணீர் மேலே எழும்பித் தூறலாக விழும், நாற்று சாயாது. கீழ்நோக்கி மாட்டினால் விதையே குழியிலிருந்து கிளம்பிவிடும்.

அலமாரி தயாரானதும் விதை வைக்க வேண்டியதுதான். விதை வைப்பவர்கள் சொல்லும் ஒரு பொதுக்கணக்கு உண்டு: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். மலையில் குளிர் இனாமாகக் கிடைக்கிறது. ஈரத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே இழுப்பறையில் விதையை அப்படியே கொட்டுவதில்லை. காகித உறையில் போட்டு, அதை இறுக மூடும் சிறு கண்ணாடிப் புட்டியில் வைத்து, புட்டியின் அடியில் நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கைப்பிடி. அரிசியை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுகிறேன். உறையில் ஆண்டு எழுதுவது முக்கியம். வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல் நம்ப முடியாது, கேரட் மூன்று வரை தாங்கும், தக்காளி அதற்கும் மேலே.

சீட்டு எழுதும்போதுதான் யோசனை வந்தது. பூவா, காய்கறியா? இரண்டையும் வைத்திருக்கிறேன். நீர் வரிசை நான்காவதில் ஸ்வீட் பீயும் பட்டாணியும் தனித்தனிப் புட்டியில். அக்காவின் சிவப்பு அடிக்கோடு போட்ட சீட்டைத்தான் முன்னால் செருகியிருக்கிறேன். அடியில் இருந்த பழைய தாள்களைப் பைண்டிங் அட்டையில் ஒட்டி அலமாரிக்குள்ளேயே வைத்துவிட்டேன். ‘நீர்’, ‘கார்’, ‘கடை’ எழுத்துகளில் கொஞ்சம் சுண்ணாம்பை இழைத்துவிட்டேன், தூரத்திலிருந்தே தெரிகிறது.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். அலமாரி முன்பு மார்க்கெட்டில் ஒரு காய்கறி விதைக் கடையில் இருந்ததாம்; அவர்கள் கடையைக் கட்டியபோது வாங்கியதாம். “அந்த எழுத்து மேல பெயின்ட் அடிச்சது நான் இல்லைங்க, அடிச்ச பையன் கேக்காம அடிச்சுட்டான்” என்றார். பீட்ரூட் இடத்தில் பேன்சி ஏன் என்று கேட்டேன். “பேன்சி நெறைய வித்துச்சு, அந்த இழுப்பறை கொஞ்சம் ஆழம் ஜாஸ்தி, அதான்” என்றார். அளந்து பார்த்தேன், உண்மைதான், அரை அங்குலம் ஆழம் கூடுதல். பிறகு, “கீழ் வரிசையில விதை வைக்காதீங்க தம்பி, என்ன பண்ணாலும் தரை ஈரம் ஏறும்” என்றார். அதனால் கீழ் வரிசையைக் காலி செய்து, எண்ணெய் தடவிய கத்தரிகளையும் கவாத்துக் கத்தியையும் அங்கே போட்டிருக்கிறேன்.